பிறந்த வீட்டுப் பெயர்

இங்கே அமெரிக்காவில், நாலாம் வகுப்பில் வட கரோலினா மாநில வரலாறு ஒரு பாடம். என் மகளின் வகுப்பில் ஆளுக்கொரு கவுண்டியை, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பகுதியை, கொடுத்து, அது எப்போது உருவானது, பெயர் எப்படி வந்தது, அங்கே என்ன விளைகிறது என்று ஒரு பெரிய அட்டையில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மாநிலத்தில் மொத்தம் 100 கவுண்டிகள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு வந்தது நாங்கள் குடியிருக்கும் வேக் கவுண்டி. ராத்திரி நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "அப்பா, வேக்னா யாரு?"

இந்தக் கவுண்டியில் இருக்கும் கேரி என்ற ஊருக்குக் குடிவந்து பதின்மூன்று வருஷமாகிறது. ஒவ்வொரு கோடையிலும் வீட்டு வரிச் சீட்டு அந்தப் பெயரைத் தாங்கித்தான் வருகிறது. நூலக அட்டையில் அந்தப் பெயர், பள்ளிப் பேருந்தின் பக்கவாட்டில் அந்தப் பெயர், வாக்களிக்கப் போனால் வாசலில் அந்தப் பெயர். அது ஒரு ஆளாக இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தேடிப் பார்த்ததில் பத்து நிமிஷத்தில் விடை கிடைத்துவிட்டது. மார்கரெட் வேக். ஆங்கிலேய ராஜா அனுப்பிய கவர்னர் வில்லியம் ட்ரையானின் மனைவி. கவுண்டி உருவான வருஷம் 1771. மகள் அதை அழகாக எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் நகர முடியவில்லை. ட்ரையான் என்ற பெயர் எனக்குத் தெரியும். நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் ட்ரையான் சாலை குறுக்கிடுகிறது. சார்லட் நகரின் நடுவில் ஓடும் பெரிய தெருவும் ட்ரையான் தெருதான். ஆனால் மகளின் பாடப் புத்தகத்தில் இருந்த 100 கவுண்டிகளின் பட்டியலில் ட்ரையான் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு முறை பார்த்தேன். மனைவிக்கு ஒரு கவுண்டி இருக்கிறது, கவர்னருக்கு இல்லை. அன்றைக்குப் பிடித்த இந்தக் கேள்வி அப்புறம் மூன்று மாதம் என்னை விடவில்லை.

கோர்ட்டுக்குப் போகும் தூரம்

இன்றைக்குக் கவுண்டி என்றால் வரி, பள்ளிக்கூடம், ஷெரிஃப் என்று நமக்குத் தோன்றும். காலனிக் காலத்தில் அது முதலில் ஒரு கோர்ட். வருஷத்துக்கு நாலு முறை உள்ளூர் நீதிபதிகள் கூடி உட்காருவார்கள். நிலம் வாங்கினால் பத்திரம் பதிய அங்கே போக வேண்டும். அப்பா இறந்தால் உயிலை அங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அநாதைப் பிள்ளைக்குப் பொறுப்பாளரை நியமிப்பதும், கடன் வழக்கைத் தீர்ப்பதும், எந்த ரோட்டை யார் வெட்டிச் சீர் செய்வது என்று ஆள் ஒதுக்குவதும் அங்கேதான். பாலம் இல்லாத ஆறுகள், மழையில் சேறாகிவிடும் காட்டுப் பாதைகள், நடையோ குதிரையோ. ஒரு கையெழுத்துக்காகப் போய்த் திரும்ப விதைப்புக் காலத்தில் பல நாள்கள் போய்விடும். அதனால் குடியேற்றம் மேற்கே நகர நகர, "கோர்ட்டு எங்களுக்கு ரொம்ப தூரம், எங்களைத் தனிக் கவுண்டியாக்குங்கள்" என்று மனுக்கள் போயின. சட்டமன்றம் ஒரு சட்டம் போடும். எல்லைக் கோட்டை அளக்கவும், கோர்ட்டும் சிறையும் எங்கே அமைய வேண்டும் என்று இடம் பார்க்கவும் சிலரை நியமிக்கும். கட்டுகிற செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டு அந்த மக்களிடமே வாங்கும்.

கேட்டது ஊர்க்காரர்கள், நடந்தது அவர்கள், காசு கொடுத்ததும் அவர்கள். பெயர் மட்டும் மேலே பார்த்து வைக்கப்பட்டது. வட கரோலினாவின் வரைபடத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகப் படித்தால் இது நன்றாகத் தெரியும். கடற்கரையோரம் பெர்க்விமன்ஸ், பாஸ்க்வோடாங்க், சோவான், கரிடக். எல்லாம் அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளின் சொற்கள். 1739 வரை அவற்றைக் கவுண்டி என்றுகூடச் சொல்லவில்லை, பிரிசிங்ட் என்றார்கள். கொஞ்சம் உள்ளே வந்தால் கிரான்வில், ஜான்ஸ்டன், கம்பர்லாந்து, ஆரஞ்ச். இன்னும் மேற்கே போனால் மெக்லன்பர்க். பிரபுக்கள், கவர்னர்கள், இளவரசர்கள், ஜெர்மனியிலிருந்து வந்த ராணியின் பிறந்த ஊர். ஜான்ஸ்டன் போன்ற கவர்னர்களைத் தவிர இவர்களில் யாரும் அந்த மண்ணை மிதித்ததில்லை. லண்டனில் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவருடைய பெயரை ஒரு காட்டுக்கு வைத்துவிட்டால் காலனிக்கு எப்போதாவது ஒரு நன்மை நடக்கும் என்ற கணக்கு.

இதில் கம்பர்லாந்து என்னை ரொம்ப நேரம் நிறுத்தியது. 1746இல் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்தின் ஹைலாந்துக்காரர்களை நொறுக்கி, அதற்கு அப்புறமும் கிராமம் கிராமமாக வேட்டையாடியதால் கசாப்புக்காரர் என்று பட்டப்பெயர் வாங்கிய இளவரசர் கம்பர்லாந்து. எட்டே வருஷம் கழித்து, 1754இல், வட கரோலினாவில் ஒரு கவுண்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அது கேப் ஃபியர் ஆற்றை ஒட்டி ஹைலாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய இடம். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம், தன் புது நிலத்தின் பத்திரத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் யாரோ படித்துச் சொல்லிக் கேட்டிருப்பார். அவருக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கவுண்டி இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

1771இன் நான்கு பெயர்கள்

வேக் கவுண்டி பிறந்த நேரம் சாதாரண நேரமில்லை. ஆரஞ்ச் கவுண்டியிலும் அதன் மேற்கிலும் இருந்த விவசாயிகள் தங்களை ரெகுலேட்டர்கள் என்று அழைத்துக்கொண்டு எழுந்து நின்ற காலம். அவர்களுடைய கோபம் முக்கால்வாசி கவுண்டி கோர்ட்டின் மீதுதான். சட்டம் சொன்ன கட்டணத்துக்கு மேல் பிடுங்கும் எழுத்தர்கள், வரிப் பணத்தைக் கணக்கு காட்டாமல் வைத்துக்கொண்ட ஷெரிஃப்கள். ஆரஞ்ச் கவுண்டியின் பத்திரப் பதிவாளர் எட்மண்ட் ஃபானிங், கவர்னர் ட்ரையானுக்கு நெருங்கியவர். 1768இல் கூடுதல் கட்டணம் வாங்கிய குற்றம் அவர் மீது நிரூபணமானது. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு பென்னி அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் நியூ பெர்ன் நகரில் கவர்னர் தங்குவதற்கு 15,000 பவுண்டு செலவில் ஒரு மாளிகை எழும்பியது. அதற்கும் தலைவரி. மேற்கே மண் வீட்டிலும் மரக்குடிலிலும் இருந்தவர்களும் கட்ட வேண்டிய வரி அது. 1770 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ கோர்ட்டுக்குள் ரெகுலேட்டர்கள் புகுந்தார்கள், ஃபானிங்கை அடித்தார்கள், அவர் வீட்டை இடித்துத் தள்ளினார்கள்.

அந்த டிசம்பரில் கூடிய சட்டமன்றம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. ஒரு கையால் கலகத் தடைச் சட்டம் போட்டது, ரெகுலேட்டர்களின் குரலாக ஆரஞ்ச் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஹெர்மன் ஹஸ்பண்டைச் சபையை விட்டு வெளியேற்றியது. இன்னொரு கையால் நான்கு புதுக் கவுண்டிகளை உருவாக்கியது: கில்ஃபர்ட், சாத்தம், சர்ரி, வேக். கோர்ட்டு தூரம் என்ற பழைய குறைக்கு இது ஒரு பதில்தான். ஆனால் அதைவிடக் கூர்மையான காரணமும் இருந்தது. கில்ஃபர்டைப் பிரித்தது அரசியல் பிரிப்பு என்றும், கலகக்காரர்களின் பெருங்கூட்டத்தை ஆரஞ்சிலிருந்து வெட்டி எடுத்துவிட்டது என்றும் ட்ரையானே லண்டனுக்கு எழுதினார். எல்லைக் கோட்டைப் பார்த்தால் நில அளவைக்காரரின் சங்கிலிதான் கண்ணில் படும். அந்தச் சங்கிலியைப் பிடித்திருந்த கை யாருடையது என்று இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆரஞ்ச், ஜான்ஸ்டன், கம்பர்லாந்து ஆகிய மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் செய்தது வேக். இதற்காக முன்னின்றவர்களில் ஒருவர் ஜோயல் லேன். அவருடைய இடத்தில்தான் தொடக்கத்தில் கோர்ட்டு கூடியது. பிறகு 1792இல் தலைநகர் ராலேவுக்காக 1,000 ஏக்கரை மாநிலத்துக்கு விற்றவரும் அவர்தான். அவருடைய வீடு இன்றும் ராலேயில் காட்சிக்கு இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அந்த வீட்டை நடத்தியவர்கள் அவர் வைத்திருந்த அடிமைகள். கவுண்டியின் முதல் காடுகளை வெட்டியதும் முதல் ரோடுகளைப் போட்டதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட கைகள்தான். அவர்களுடைய பெயரை எந்தக் கவுண்டிக்கும் யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கவுண்டிக்குக் கவர்னர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். அந்தக் கவுண்டியின் திருச்சபைப் பங்குக்கு செயிண்ட் மார்கரெட் என்று அவருடைய சொந்தப் பெயர். இரண்டும் ஒரே ஆளுக்கான மரியாதை. கவர்னரின் பெயரில் ஏற்கெனவே மேற்கே ஒரு கவுண்டி இருந்தது. மெக்லன்பர்க்கிலிருந்து பிரித்த ட்ரையான் கவுண்டி. ஆகவே அடுத்த மரியாதை வீட்டம்மாவுக்குப் போனது.

அந்த வசந்தத்தில் ட்ரையான் படை திரட்டிக்கொண்டு வேக் கவுண்டி வழியாகத்தான் மேற்கே போனார். பீரங்கி வண்டிகள் போக ஒரு பாதை வெட்டினார்கள். 1771 மே 16 அன்று அலமன்ஸில் சண்டை. சுமார் 2,000 ரெகுலேட்டர்கள், பலரிடம் துப்பாக்கி இல்லை. கவர்னரிடம் அதில் பாதி ஆட்கள், ஆனால் பீரங்கி இருந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒருவரைக் களத்திலேயே விசாரணை இல்லாமல் தூக்கிலிட்டார்கள். ஜூன் 19 அன்று ஹில்ஸ்பரோவில் இன்னும் ஆறு பேரை. ஹில்ஸ்பரோ என்ற பெயரும் ட்ரையான் காலத்தில் வந்ததுதான். அதற்கு முன் அந்த ஊர் சைல்ட்ஸ்பர்க். லண்டனில் பெரிய பதவியில் இருந்த ஹில்ஸ்பரோ பிரபுவின் பெயரை 1766இல் வைத்தார்கள். அந்தப் பிரபு மார்கரெட்டுக்கு உறவு. ட்ரையானுக்கு இந்தப் பதவி கிடைத்ததே மனைவி வழிச் செல்வாக்கால்தான். தூக்குப் போட்ட இரண்டு வாரத்துக்குள் குடும்பம் கப்பலேறி நியூயார்க் போனது, அங்கே கவர்னர் பதவி காத்திருந்தது. வேக் என்று ஒரு கவுண்டி கணக்கில் வந்த பிறகு மார்கரெட் இந்த மாநிலத்தில் இருந்தது சில மாதங்கள்தான்.

அலமன்ஸ் களத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். 1880இல் நட்ட கருங்கல் தூண் ஒன்று, சுற்றிலும் புல். ஹில்ஸ்பரோவில் தூக்கிலிட்ட இடத்துக்கு ஒரு சின்ன நினைவுக் கல். அதன் முன்னால் நின்றபோதுதான் கேள்வி முழு உருவத்தில் வந்தது. இந்த ஆளை இவ்வளவு வெறுத்த மக்கள், சுதந்திரம் கிடைத்ததும் அவருடைய மனைவியின் பெயரை ஏன் விட்டுவைத்தார்கள்?

அழித்ததும் விட்டதும்

அழிப்பதற்கு அவர்கள் தயங்கவில்லை. 1779இல் ட்ரையான் கவுண்டியைக் கலைத்து லிங்கன், ரதர்ஃபர்ட் என்று இரண்டாக்கினார்கள், இரண்டும் புரட்சிப் படைத் தளபதிகளின் பெயர்கள். அதே வருஷம் ராஜாவின் பழைய பிரதமர் பெயரில் இருந்த பியூட் கவுண்டி போய், வாரன் என்றும் ஃபிராங்ளின் என்றும் ஆனது. ட்ரையானுக்கு முந்தைய கவர்னர் டாப்ஸின் பெயர் 1791 வரை தாக்குப்பிடித்தது. அதையும் பிரித்து லெனோர், கிளாஸ்கோ என்று வைத்தார்கள். அந்த கிளாஸ்கோ இந்த மாநிலத்தின் செயலாளர், தங்கள் ஆள். அவர் நில மோசடியில் சிக்கியதும் 1799இல் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டு கிரீன் என்று மாற்றினார்கள். சொந்த ஆளென்றும் பார்க்கவில்லை. இதை நான் மதிக்கிறேன்.

மற்ற காலனிகளிலும் இதே கதைதான். வர்ஜினியாவில் கவர்னர் டன்மோர் பெயரில் இருந்த கவுண்டி 1778இல் ஷெனண்டோவா ஆனது. அவருடைய இன்னொரு பட்டப்பெயரான ஃபின்காஸிலைத் தாங்கிய கவுண்டியை அதற்கு முன்பே கலைத்துவிட்டார்கள். ட்ரையானுக்கு நியூயார்க்கிலும் 1772இல் ஒரு கவுண்டி கிடைத்திருந்தது. 1784இல் அது மான்ட்கோமரி, கியூபெக் கோட்டையைத் தாக்கியபோது உயிர்விட்ட தளபதியின் பெயர். இரண்டு மாநிலங்களில் இரண்டு கவுண்டிகள், இரண்டையும் துடைத்தெடுத்தார்கள்.

ஆனால் ஆங்கிலேயர் பெயர் என்பதற்காக மட்டும் யாரும் எதையும் அழிக்கவில்லை. ஜார்ஜியாவில் 1777இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எட்டுக் கவுண்டிகளை உருவாக்கினார்கள். ஒன்றுக்கு லிபர்ட்டி என்று பெயர். மற்ற ஏழுக்கும் வில்க்ஸ், பர்க், சாத்தம், கேம்டன், ரிச்மண்ட், கிளின், எஃபிங்காம் என்று ஆங்கிலேயர்களின் பெயர்கள். காலனிகளுக்குப் பரிந்து பேசியவர்கள் என்பதால் எதிரி நாட்டுக்காரர்களின் பெயரைச் சண்டைக்கு நடுவே தங்கள் மண்ணுக்கு வைத்தார்கள். யார் நம் பக்கம் நின்றார், யார் நம்மை மிதித்தார் என்று ஆள் ஆளாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படிக் கணக்குப் பார்த்தவர்களின் கண்ணுக்குத் தப்பியவையும் உண்டு. வட கரோலினாவின் கடைசி ராஜாங்கக் கவர்னர் ஜோசையா மார்ட்டின். அவர் பெயரில் 1774இல் வந்த மார்ட்டின் கவுண்டி இன்றும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அலெக்ஸாண்டர் மார்ட்டின் என்று மக்களுக்குப் பிடித்த ஒரு கவர்னர் வந்தார், அதனால் மாற்றவில்லை என்று சொல்கிறார்கள். எழுத்து ஒன்றாக இருந்ததால் பழைய மார்ட்டின் புது மார்ட்டினுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

வேக் தப்பியதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதை முதலில் படித்தபோது நானும் நம்பினேன். ட்ரையானின் மனைவிக்கு எஸ்தர் வேக் என்று ஒரு தங்கை இருந்தாளாம், பேரழகி, நல்ல குணம். கவர்னர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தப் பெண்ணுக்காகச் சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தப் பெயரை மட்டும் தொடவில்லையாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலங்காரமாக எழுதப்பட்டு, வாய் வழியாகப் பரவி, பல காலம் நின்ற கதை. எஸ்தர் வேக் என்று ஒரு பெண் இருந்ததற்கே ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். இல்லாத ஒரு தங்கையை ஏன் உண்டாக்க வேண்டியிருந்தது? தலைநகரமே இருக்கிற கவுண்டிக்கு, அலமன்ஸில் சுட்டவரின் மனைவி பெயர் இருப்பது பின்னால் வந்தவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. பெயரை மாற்றுவதைவிடக் கதையை மாற்றுவது சுலபமாக இருந்தது. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உண்மையான காரணம் என்று எனக்குப் படுவது ரொம்ப எளியது. அது பிறந்த வீட்டுப் பெயர். மார்கரெட் ட்ரையான் என்ற புகுந்த வீட்டுப் பெயரை வைத்திருந்தால் 1779இலேயே போயிருக்கும். வேக் என்று சொன்னால் யாருக்கும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. பத்திரத்திலும் வரிச் சீட்டிலும் எட்டு வருஷம் புழங்கி, ஆளின் வாசனை போய் அது ஊராகிவிட்டது. காட்டுப் பகுதிக்கு வேக் ஃபாரஸ்ட் என்று பெயர் வந்தது. அங்கே 1834இல் தொடங்கிய கல்லூரி பிறகு வேறு கவுண்டிக்கு இடம் பெயர்ந்து, பல்கலைக்கழகமாகி, இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பம்பாய்

சரி, கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கேரி நூலகத்தில் ட்ரையானைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பைத் திருப்பித் தரும் முன் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தேன். திருமணம் 1757இல். பெண் லண்டனில் பணக்கார வீட்டுப் பெண், சீதனம் 30,000 பவுண்டு. பெண்ணின் அப்பா வில்லியம் வேக், 1742 முதல் 1750 வரை கிழக்கிந்தியக் கும்பெனியின் பம்பாய் கவர்னர்.

புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். படிப்பு முடிந்து எனக்கு முதல் வேலை கிடைத்தது மும்பையில். மாட்டுங்காவில் ஒரு அறையில் நாலு பேர், காலையில் ரயில் பிடித்து ஃபோர்ட் பகுதிக்குப் போய் அங்கே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை. கும்பெனியின் கோட்டை மதில்களை 1860களில் இடித்துவிட்டார்கள், ஃபோர்ட் என்ற பெயர் மட்டும் அந்த வட்டாரத்தில் நிற்கிறது. நாலு வருஷம் நான் நடந்த தெருக்கள் வில்லியம் வேக் ஆண்ட கோட்டைக்குள் இருந்த இடம். அங்கிருந்து கிளம்பி, வேறு வேலை, வேறு ஊர், வேறு கண்டம் என்று சுற்றி, அவருடைய பெயர் போட்ட கவுண்டியில் வந்து வீடு வாங்கியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாமலே பதின்மூன்று வருஷம் போயிருக்கிறது.

அந்தக் காலத்துக் கும்பெனி அதிகாரிகளுக்குச் சம்பளம் சொற்பம். செல்வம் வந்தது அவர்கள் சொந்தக் கணக்கில் செய்துகொண்ட வியாபாரத்தில். பம்பாய், சூரத், பாரசீக வளைகுடா என்று கப்பல்கள் போய்வந்தன. வேக் பம்பாயில் இருந்தபோதுதான் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள், மூன்று வருஷம் கழித்து ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். நாம் பள்ளியில் படித்த அந்த வரலாற்றின் இன்னொரு ஓரத்தில் இவர் இருந்திருக்கிறார். பதவி முடிந்து ஊர் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே கப்பலிலேயே இறந்துபோனார். பணம் லண்டன் போய்ச் சேர்ந்தது. மகளுக்குச் சீதனமானது. அந்தப் பணமும் அந்த உறவுகளும்தான் வெறும் படை அதிகாரியாக இருந்த ட்ரையானைக் கவர்னர் நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தன.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் பம்பாயே ஒரு சீதனம். போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸை மணந்தபோது, 1661 ஒப்பந்தத்தில் பம்பாய்த் தீவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ராஜா அதை 1668இல் வருஷம் 10 பவுண்டு வாடகைக்குக் கும்பெனியிடம் தள்ளிவிட்டார். நியூயார்க்கில் 1683இல் முதல் பன்னிரண்டு கவுண்டிகளைப் பிரித்தபோது கிங்ஸ் என்று ஒன்றுக்கும் குவீன்ஸ் என்று ஒன்றுக்கும் பெயர் வைத்தார்கள். அந்த ராஜா இரண்டாம் சார்லஸ், அந்த ராணி கேத்தரின். குவீன்ஸில் இன்று எத்தனை நம்மவர் வீடுகள். ஒரு கல்யாணத்தில் பம்பாய் கைமாறியது, அதே பம்பாயில் சேர்ந்த செல்வம் இன்னொரு கல்யாணத்தில் சீதனமாகப் போனது. இரண்டு மணப்பெண்களும் அமெரிக்காவில் ஆளுக்கொரு கவுண்டியாக இருக்கிறார்கள். இரண்டிலும் இந்தியர்கள் குடியிருக்கிறோம்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "எல்லாப் பெயருக்கும் பின்னாடி இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும், விடு" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம், என்னால் விட முடியவில்லை. அலமன்ஸில் விழுந்த விவசாயிக்குத் தன் கவர்னரின் மாளிகைக்கு வரி கட்டத் தெரியும். அந்தக் கவர்னரை உருவாக்கிய பணத்தில் இன்னொரு கண்டத்துத் துறைமுகத்தின் பங்கும் இருந்தது என்று தெரியாது. பம்பாயில் பருத்தி மூட்டை தூக்கியவருக்கு வட கரோலினா என்ற சொல்லே தெரிந்திருக்காது. இரண்டு பேரையும் அழுத்திய பாரம் ஒரே குடும்பத்தின் படியில் போய் இறங்கியிருக்கிறது. கவுண்டியின் பெயரைப் பற்றி எழுதுகிற எல்லா இடத்திலும் "கவர்னரின் மனைவி" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரி போதாது என்று நினைக்கிறேன். பெயரை மாற்றச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இருநூற்றைம்பது வருஷம் இங்கே பிறந்தவர்களும் இறந்தவர்களும் அதைத் தங்கள் ஊராக்கிக்கொண்டுவிட்டார்கள், என் மகளும் இங்கேதான் பிறந்தாள். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரையும் பம்பாயையும் சேர்த்து எழுதினால் போதும். ஊர் இதைவிட நீளமான கதையைத் தாங்கும்.

நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அட்டையைப் பள்ளியில் காட்டி, மதிப்பெண் வாங்கி, திருப்பிக் கொண்டுவந்து அலமாரிக்கு மேல் வைத்து ரொம்ப நாளாகியிருந்தது. எடுத்து வரச் சொன்னாள். கீழ் மூலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே சின்னதாக ஒரு உலக வரைபடம் வரைந்தாள். பம்பாய்க்கு ஒரு புள்ளி, லண்டனுக்கு ஒரு புள்ளி, எங்கள் வீட்டுக்கு ஒரு புள்ளி, நடுவில் ஒரு கப்பல். "அவங்க அப்பா வீட்டுக்குப் போய்ச் சேரலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கப்பலை ரப்பரால் அழித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் கீழ் நுனிக்குப் பக்கத்தில் மறுபடியும் வரைந்தாள்.